மழையைப் பிடிக்காத தவளை

கட்டைவிரல் நகத்தின் மேல் உட்கார வைத்தால் இடம் மிச்சமிருக்கும். அவ்வளவுதான் அந்த மரத்தவளை. காட்டோடைகளின் ஓரத்தில், தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இலைகளில் வசிக்கிறது. அதன் நிறம் பச்சை. இலையின் நிறமும் பச்சை. ஆகையால் அதைப் பார்த்தவர்கள் குறைவு, பார்த்ததாகச் சொல்பவர்கள் அதிகம். மழைக்காலத்து மாலைகளில் ஆண் தவளை கத்தும். எதற்காகக் கத்துகிறது என்பது பெண் தவளைக்குத் தெரியும். அதைப் பல்கலைக்கழகத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும் என்று விலங்கியல் துறை ஒரு பெண்ணைக் காட்டுக்கு அனுப்பி வைத்திருந்தது.

அவளை வீட்டில் ஆராய்ச்சிக்காரி என்று அழைத்தார்கள். இதில் மரியாதை எதுவும் கலந்திருக்கவில்லை. "ஆராய்ச்சிக்காரி வந்தாச்சா? அந்த பூட்ஸை வெளியிலேயே கழட்டச் சொல்லு, போன தடவை ஒரு அட்டை சோபாவுல உக்காந்து டிவி பாத்துட்டு இருந்துது" என்று அம்மா சொல்லும் அளவுக்குத்தான் அந்தப் பட்டத்துக்கு மதிப்பு. உண்மையான பட்டம் வர வேண்டியிருந்தது. ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. முந்தைய அத்தியாயங்கள் துறையின் அலமாரியில், கண்ணாடிக் குடுவைகளுக்குள் ஸ்பிரிட்டில் மிதக்கும் தவளைகளைப் பற்றியவை. அவை ஒத்துழைப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. கடைசி அத்தியாயத்துக்குத்தான் உயிருள்ள தவளை தேவைப்பட்டது. பதிவுக் காலம் முடிந்து, நீட்டிப்பு வாங்கி, அந்த நீட்டிப்புக்கும் ஒரு நீட்டிப்பு வாங்கியாயிற்று. இந்த மழைக்காலத்தோடு கதவைச் சாத்திவிடுவோம் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. ஓடையில் தவளை வாய் திறந்தால் அவள் முனைவர். திறக்காவிட்டால் இத்தனை வருஷப் படிப்பும் ஓடையோடு போச்சு.

தவளையின் வாயைத் திறக்க ஒரு வழி உண்டு. ஏற்கெனவே பதிவு செய்த தவளைக் குரலை ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட வேண்டும். அதைக் கேட்கும் ஆண் தவளை, தன் இடத்துக்கு வேறொருவன் வந்துவிட்டான் என்று ரோஷப்பட்டுப் பதில் கத்தும். எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்று குறித்துக்கொண்டால் அதுதான் அத்தியாயம். அந்தப் பதிவை அவளுடைய கைடான பேராசிரியர் கொடுத்தார். அவர் அடிப்படையில் தேள் நிபுணர். ஒரு காலத்தில் யாரோ ஒரு தவளையை ஊறுகாய் பாட்டிலில் போட்டு அவரிடம் கொண்டுவந்து தந்தார்கள். அது மேசை விசிறிக்குப் பக்கத்தில் இருந்தபடி அவ்வப்போது கத்தியதை அவர் பதிவு செய்தார். நடுநடுவே அது சும்மா இருந்த நேரத்தை எல்லாம் ஆய்வுக்கூட உதவியாளர் பொறுப்பாக வெட்டிவிட்டார். ட்ரிக், ட்ரிக், ட்ரிக் என்று தையல் மிஷின்போல் சீராக வந்த அந்தக் குரல் எல்லாக் கல்லூரிகளுக்கும் பிரதி எடுத்து அனுப்பப்பட்டது. தவளை என்றால் இப்படித்தான் கத்தும் என்று ஒரு தலைமுறை மாணவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பேராசிரியரிடம் கண்டிப்பான விதி ஒன்றும் இருந்தது.

"தவளைகிட்ட போகவே கூடாது. நீ ஒரு அடி வெச்சா அது வாயை மூடிக்கும், அப்புறம் ஒரு வாரத்துக்குத் திறக்காது. காது இருக்கில்ல? காதை வெச்சு ஆராய்ச்சி பண்ணு. கண்ணை வெச்சு எந்த மடையனும் பண்ணுவான்."

அவள் அந்த விதியை உயிராய்ப் பிடித்துக்கொண்டாள். ஓடையின் கீழ்ப்பகுதியில் ஒரு பாறை. அதன் அடியில், பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள் ஸ்பீக்கர். பெரணிச் செடிகளுக்குப் பின்னால் அவள். முதல் நாளே, பொத்தானை அழுத்தி முடித்ததும், மேலே ஓடை வளைகிற இடத்துக்கு அப்பாலிருந்து பதில் வந்தது.

ட்ரிக், ட்ரிக், ட்ரிக்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து மழைக்காலம் பாதி தாண்டும்வரை அந்தத் தவளை அவளைக் கைவிடவில்லை. அவள் போட்டால் அது போடும். அவள் நிறுத்தினால் அது கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்பதுபோல் ஒரு தடவை போடும். வரைபடம் போட்டுப் பார்த்தால் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்த மாதிரி வந்தது. பேராசிரியர் அதைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். முதுகலை மாணவர்களை வரிசையாக நிறுத்திக் காட்டினார்.

"பாருங்கடா. ஒரு தவளைக்கு இருக்கிற ஒழுங்கு உங்கள்ல ஒருத்தனுக்கு இருக்கா?"

"சார், அதுக்கு இன்டர்னல் மார்க் உண்டா?" என்று ஒருவன் கேட்டு வெளியே அனுப்பப்பட்டான்.

நாள் போகப் போகத் தவளையின் அரிய குணங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. ஒவ்வொரு மாலையும் நடுவில் சிறிது நேரம் அது கத்துவதை நிறுத்திவிடும். அப்போது எங்கிருந்தோ லேசாக டீ வாசனை வரும். மழை வலுத்தால் உடனே வாயை மூடிக்கொள்ளும். உலகத்துத் தவளைகள் எல்லாம் மழையில்தான் உற்சாகமாகும். இது மட்டும் மழை குறைந்தபின்தான் பேசியது. ஒரு வாரம் முழுக்கச் சத்தமே இல்லாமல் இருந்தது. திரும்பி வந்தபோது தொண்டை கட்டியதுபோல் இருந்தது.

"ஆழ்நிலை ஓய்வு" என்று பேராசிரியர் அதற்குப் பெயர் வைத்தார். மழையை வெறுக்கும் முதல் தவளை என்று ஒரு கருத்தரங்கில் பேசி, கைதட்டலும் ஒரு பூங்கொத்தும் வாங்கிவந்தார். அத்தோடு நிற்காமல் வெளித்தேர்வாளரை நேரே ஓடைக்கே வரச் சொல்லிக் கடிதமும் எழுதினார். "மத்தவங்க வாய்மொழித் தேர்வுல மாணவர்தான் வாய் திறப்பாங்க. நம்ம தேர்வுல தவளையே திறக்கும்!"

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால், கடைசி ஒத்திகைக்காக அவள் ஓடைக்குப் போனாள். எல்லாம் வழக்கம்போலவே நடந்தது. அவள் போட்டாள். அது போட்டது. அவள் போட்டாள். அது போட்டது. மூன்றாவது தடவை அது பாதியில் நின்றது. பிறகு வளைவுக்கு அப்பாலிருந்து, இனிமையான ஒரு பெண் குரலில், தவளை சொன்னது:

"பேட்டரி குறைவாக உள்ளது. சார்ஜ் செய்யவும்."

நன்றாகப் பயிற்சி பெற்ற ஆய்வாளர் ஆகையால் அவள் முதலில் நேரத்தைக் குறித்தாள். 'வேறுபட்ட அழைப்பு, ஒரு முறை' என்று எழுதினாள். எழுதியதைப் படித்தாள். பேனாவை மூடினாள். பாறைக்கு அடியிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக விதியை மீறி, பாறைகளில் தாவி, வளைவைத் தாண்டினாள். அங்கே பெரணிச் செடிகளுக்குப் பின்னால் கால்களை எங்கே மடக்கி வைப்பது என்று தெரியாத ஒரு நெட்டையன் உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் பிளாஸ்டிக் டப்பா, மறு கையில் பிளாஸ்க் மூடியில் டீ. அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது. விரலை உதட்டில் வைத்துக் கிசுகிசுத்தான்.

"ஐயோ, மேடம், தயவுசெஞ்சு அப்படியே திரும்பிப் போங்க. சத்தம் போடாதீங்க. கீழ ஒரு தவளை இருக்கு. பயந்துடும்."

"எந்தத் தவளை?"

"வளைவுக்கு அந்தாண்டை. சீசன் ஆரம்பத்துல இருந்து எனக்குப் பதில் சொல்லிட்டு இருக்கு. ரொம்ப நல்ல தவளைங்க. என் ஆராய்ச்சியே அதை நம்பித்தான் இருக்கு."

அவள் ஒரு ஈரக் கல்லின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கிழமையில கத்தாத தவளையா?"

"ஆமாங்க!" அவன் கண் மலர்ந்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை எங்க அம்மா வெளிய விட மாட்டாங்க."

அவன் டீயைப் பார்த்தான். டப்பாவைப் பார்த்தான். அவள் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான். இரண்டும் ஒரே கடையில் வாங்கியவை. மூடியின் நிறம் மட்டும்தான் வேறு. தன் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தான். அவன் வேறொரு கல்லூரி. மேல்பாதை வழியாக வந்து மேல்பாதை வழியாகவே போகிறவன். அவனுடைய கைடும் அதே பதிவைக் கொடுத்து, அதே விதியைச் சொல்லியிருந்தார். இரண்டு கல்லூரிகளிலும் மிகவும் பொறுப்பானவர்கள் என்று பெயர் வாங்கிய இரண்டு பேர், ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல், இத்தனை நாளும் ஒருவர்மேல் ஒருவர் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

"ஒரு வாரம் காணாமப் போனீங்களே?" என்றாள் அவள்.

"சித்தப்பா பையன் கல்யாணம். அங்க பாட்டுக்கச்சேரிக்கு இந்த ஸ்பீக்கரைத்தான் வெச்சோம். அதுல ஏதோ கிழிஞ்சுடுச்சு."

"அதுக்கு எங்க சார் ஆழ்நிலை ஓய்வுன்னு பேர் வெச்சுருக்காரு. மழை வந்தா ஏன் நிறுத்தறீங்க?"

"நனைஞ்சா போயிடுங்க, இது வாட்டர்ப்ரூஃப் இல்ல." அவன் கொஞ்சம் தயங்கினான். "நானும் உங்களைப் பத்தி எழுதியிருக்கேன்."

"என்னன்னு?"

"வேணாங்க."

"சொல்லுங்க, சும்மா."

"'வயதான, பலவீனமான ஆண். தனிமையில் வாடுகிறது.'"

அவள் எழுந்துகொண்டாள். "அது ஸ்பீக்கர் மட்டம். அதுக்காக என்ன வேணா எழுதிடுவீங்களா?"

"மன்னிச்சுக்கங்க. பரிதாபப்பட்டுத்தான் எழுதினேன்."

மறுநாள் அவள் நேரே பேராசிரியரின் அறைக்குப் போனாள். அவர் வரைபடத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கி வந்திருந்தார். ஆணியும் சுத்தியலும் கையில் இருந்தன.

"சார், ஒண்ணு சொல்லணும். அது தவளை இல்லை."

"எது?"

"நம்ம தவளை."

அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கனிவாகப் பார்த்தார். "உக்காரு. தண்ணி குடி. ஆராய்ச்சியோட கடைசிக் கட்டத்துல எல்லாருக்கும் இப்படித் தோணும்மா. எனக்குக்கூட ஒரு சமயம் என் தேளெல்லாம் தேளே இல்லைன்னு தோணிச்சு. கையை விட்டுப் பாத்தேன். தேள்தான்."

"இல்ல சார், அது ஒரு ஆளு. ஸ்பீக்கர் வெச்சுட்டு..."

"தூங்கி எத்தனை நாளாச்சு?"

"சார், அது பேட்டரி குறைவுன்னு சொல்லுது சார்."

"குறையாம என்ன பண்ணும்? நீ போய் ரெஸ்ட் எடு. அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நேரா பிடிச்சுட்டுப் போ."

சட்டத்தை நேராகப் பிடித்தாள். அதற்குள் அவர் அடித்து முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து நெட்டையனுக்குப் போன் செய்தாள். அவன் யோசித்து வைத்திருந்தான்.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் நான் மேல உக்காந்து பதில் போடறேன். உங்களுக்குப் பட்டம் வரட்டும். எனக்குத் தேர்வு வரும்போது நீங்க வந்து போட்டுடுங்க. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"அது திருட்டுத்தனம் இல்லையா?"

"இத்தனை நாளா நாம பண்ணதும் அதேதானே? என்ன, அப்ப தெரியாம பண்ணோம்."

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது அம்மா சமையலறையிலிருந்து யாருக்கோ போனில் சொல்வது கேட்டது. "ஆமாக்கா, நாளைக்கு டாக்டர் ஆயிடுவா. இல்லக்கா, ஊசி போட மாட்டா. தவளைக்கு."

"நல்லா சார்ஜ் பண்ணிட்டு வாங்க" என்றாள் அவள் நெட்டையனிடம்.

வெளித்தேர்வாளர் குள்ளமான ஓர் அம்மா. சொந்த பூட்ஸ் போட்டு, தொப்பி மாட்டி, குடை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பாறைமேல் ஏறி உட்கார்ந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத தேர்வாளர் எப்போதும் ஆபத்து. பேராசிரியர் பெரிய கறுப்புக் குடைக்குக் கீழே, கோட்டும் டையுமாக, சேற்றில் தன் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. காட்டிலிருந்த எல்லா அட்டைகளும் அவரைத்தான் தேர்ந்தெடுத்தன.

அவள் பொத்தானை அழுத்தினாள். வளைவுக்கு அப்பாலிருந்து சீராகப் பதில் வந்தது. ட்ரிக், ட்ரிக், ட்ரிக். பேராசிரியர் நாடகத்தில் திரை விலக்குபவர்போல் கையை விரித்தார்.

"கேட்டீங்களா மேடம்? ஒரு பிசிறு இல்ல. நீங்க கடிகாரத்தைத் திருத்திக்கலாம்."

தேர்வாளர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆராய்ச்சிக்காரி இரண்டாவது முறை அழுத்தினாள். பதில் வந்தது. மூன்றாவது முறைக்குக் கையைக் கொண்டுபோனபோது, மிக அருகில் ஏதோ ஒன்று கத்தியது.

டொக்.

வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு துருப்பிடித்த கதவை யாரோ வேண்டா வெறுப்பாகத் திறப்பதுபோல், க்ரீஈஈச். மறுபடி மௌனம். டொக் டொக். அதற்கும் இதற்கும் ஒரு கணக்கும் இல்லை.

"என்ன அது?" என்றார் பேராசிரியர் எரிச்சலாக. "யாராவது அதை விரட்டுங்கப்பா. நம்ம தவளைக்கு இடைஞ்சலா இருக்கு."

சத்தம் அவர் குடையிலிருந்துதான் வந்தது. குடைக்கம்பி ஒன்றின் நுனியில், உள்பக்கமாக, ஓர் இலைத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துணுக்குக்கு இரண்டு கண்கள் இருந்தன. கழுத்துக்குக் கீழே சோப்புக் குமிழிபோல் ஒரு பை உப்பியது. உப்பி, உடம்பைவிடப் பெரிதாகி, டொக் என்றது. அவள் அதையே பார்த்தாள். குடுவைக்குள் வெளுத்துப்போய் மிதந்ததைத்தான் இத்தனை வருஷமாக அளந்திருக்கிறாள். அதற்கு இப்படிப் பொன்னால் வரைந்த கண் இருக்கும் என்று எந்தக் குடுவையும் சொல்லவில்லை.

பேராசிரியர் அவளுடைய கடைசி அத்தியாயத்தை உருட்டிக் கையில் வைத்திருந்தார். அதை ஓங்கினார்.

அவர் அடித்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். ஓடை அமைதியாகும். நெட்டையன் பதில் போடுவான். வீட்டுக்குப் போகும்போது அவள் டாக்டர். இத்தனையும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே கத்தினாள்.

"சார், அடிக்காதீங்க! அதுதான் சார்!"

"எது?"

"அதுதான் தவளை!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. "அப்போ அங்க கத்துதே, அது?"

வளைவுக்கு அப்பாலிருந்து, எதுவும் தெரியாமல், கடமை தவறாமல், ட்ரிக், ட்ரிக், ட்ரிக் வந்துகொண்டே இருந்தது.

"அது ஆளு சார். நேத்தே சொன்னேன்." அவள் வாயருகே கையைக் குவித்துக் கூப்பிட்டாள். "போதுங்க! நிறுத்துங்க!"

ட்ரிக் பாதியில் நின்றது. "என்னங்க, டீ பிரேக்கா?" என்றது தவளை.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று பேராசிரியரின் முகம் கேட்டுக்கொண்டது. குடையிலிருந்த தவளை மட்டும் க்ரீச் என்றது. தேர்வாளர் பாறையிலிருந்து இறங்கி வந்து, குடைக்குக் கீழே நுழைந்து, நுனிக்காலில் எம்பி அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். குடையை அசைக்க முடியாமல் பேராசிரியர் சிலைபோல் நிற்க வேண்டியதாயிற்று. ஓர் அட்டை அவர் டையில் ஏறத் தொடங்கியது.

"எவ்வளவு நாளா தெரியும்?" என்று தேர்வாளர் திரும்பாமலே கேட்டார்.

"முந்தாநாள்ல இருந்து மேடம். தெரிஞ்சும் இன்னிக்கு ஏமாத்தத்தான் வந்தேன்."

"எனக்கு ஆரம்பத்துலேயே ஒரு சந்தேகம் இருந்துது" என்றார் பேராசிரியர்.

"இருந்திருக்கும்" என்றார் தேர்வாளர். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இந்த அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்டுடுங்க. இன்னிக்குப் பட்டம் கிடையாது. ஆனா மழை இன்னும் முடியலை. முடியற வரைக்கும் இங்க வந்து உக்காருங்க. எதையும் போடாதீங்க. அது எப்பக் கத்துதோ அதை எழுதுங்க. கத்தலைன்னா அதையும் எழுதுங்க. மழை நின்னதும் நான் வந்து படிக்கறேன். அதுவரைக்கும் கதவைச் சாத்த வேணாம்னு சொல்லி வைக்கறேன்."

"ஒழுங்கா வரலைன்னா மேடம்? கணக்கே இல்லாம கத்துதே."

"அதுக்கு என்ன கட்டாயம்? அது என்ன டாக்டர் பட்டமா வாங்கப் போகுது?"

தவளை தானாக இறங்க மனம் வைக்கும்வரை அந்தக் குடை அங்கேயேதான் இருந்தது. பேராசிரியர் அதை ஒரு கிளையில் சொருகி வைத்துவிட்டு, நனைந்துகொண்டே வண்டிக்குப் போனார். போகும் வழியில் தேர்வாளரிடம் தேள்களைப் பற்றிப் பேசினார். தேள்கள் அவரை ஒருபோதும் கைவிட்டதில்லை.

நெட்டையன் டப்பாவோடு வளைவைத் தாண்டி வந்து, குடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். நிஜத் தவளையைக் கண் கொட்டாமல் பார்த்தான். அவள் போன் அடித்தது.

"என்னாச்சுடி?" என்றாள் அம்மா. "டாக்டரா?"

"இன்னும் இல்லம்மா. ஆனா தவளையைப் பாத்துட்டேன். கண்ணால பாத்துட்டேன். எவ்வளவு அழகு தெரியுமா!"

"இப்பதான் பாத்தியா? அப்ப இத்தனை நாளா தினமும் காட்டுக்குப் போய் யாரைடி பாத்துட்டு வந்தே?"

"பாக்கலம்மா, கேட்டுட்டு இருந்தேன். அது தவளை இல்லை. ஒரு ஆளு."

அம்மா டிவியை அணைக்கும் சத்தம் கேட்டது. பேசியபோது குரல் வேறு மாதிரி இருந்தது. பூட்ஸைப் பற்றியோ சோபாவைப் பற்றியோ பேசும் குரல் அல்ல அது.

"பையன் என்ன பண்றான்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். நெட்டையன் தவளைக்கு நேரே முகத்தை வைத்து, கன்னத்தை உப்பி, தன் தொண்டையால் டொக் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். தவளை அவனைச் சட்டை செய்யவே இல்லை.

"தவளை மாதிரி கத்திட்டு இருக்கான்மா."

"கத்தட்டும்" என்றாள் அம்மா. "நிரந்தர வேலையான்னு கேளு."